கூடுதல் குதிரைக்குக் கொள்ளு யார் போடுவது?

கும்பகோணத்திலிருந்து கிளம்பும் நவக்கிரக டூர் கார்களுக்கு ராகு, கேது, சனி யாருமே பிரச்னை இல்லை. பிரச்னை, கோயில் கதவு. நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகிவிடும். சூரியனார்கோயில், கஞ்சனூர் முடித்த கையோடு வைத்தீஸ்வரன்கோயிலைப் பிடித்தாக வேண்டும். பின் சீட்டில் குடும்பமே வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தேர் மாதிரி அசைந்து அசைந்து போகிறது. எதிரே டவுன் பஸ். ரோட்டின் ஓரத்தில் நெல் காய்கிறது. இந்த இடத்தில்தான் டிரைவரின் வலது கால் ஏங்குகிறது: ‘இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தா ஒரே மிதியில தாண்டிடலாமே!’

நியாயமான ஏக்கம்தான். டூர் டிரைவருக்கு மட்டுமல்ல, லோன் போட்டு டீசல் கார் வாங்கிய பேங்க் ஊழியருக்கும், அப்பாவின் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டக் கிடைக்கும் இன்ஜினீயரிங் மாணவனுக்கும் இந்த ஏக்கம் உண்டு. அதற்கு இப்போது வைத்தியமும் உண்டு. பெயர் ரீமேப். ஒரு லேப்டாப், ஒரு ஒயர். பல கார்களில் பானெட்டைக்கூடத் திறக்க வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் சொருகி, என்ஜினின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதுக் கணக்கை ஏற்றிவிடுவார்கள். கூடவே, ஆசை இருந்தால், காற்று தாராளமாக உள்ளே போக ஒரு ஃபில்டர், புகை தாராளமாக வெளியே வர ஒரு சைலன்ஸர், இன்னும் ஆசை இருந்தால் பெரிய டர்போ. எல்லாவற்றுக்கும் ஸ்டேஜ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர். எந்தச் சர்க்காரும் எந்தத் தரக் கமிட்டியும் வகுத்த ஸ்டேஜ்கள் இல்லை இவை. கடைக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். ஓட்டலுக்கு ஓட்டல் ஸ்பெஷல் மீல்ஸ் மாறுவது மாதிரி.

இந்த வியாபாரம் நடக்கும் எந்த ஊரிலும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்:

“அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுண்ணே.”

“இழுக்கும் தம்பி. கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். தொறந்து விட்டுடலாம்.”

இந்த வாரம் நான் விமர்சனம் செய்ய எடுத்துக்கொண்டிருப்பது இந்தக் கடைசி வசனத்தைத்தான். ‘கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான்.’ ஒரு தொழிலே இந்த மூன்று வார்த்தையின் மேல் நிற்கிறது. அது உண்மையா?

* * *

முதலில் பூட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

அம்பாஸடர் காலத்தில் என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதை கார்புரேட்டர் தீர்மானித்தது. அதில் குறை இருந்தால் மெக்கானிக் காதைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார், திருப்புளியால் ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார், தலையை ஆட்டுவார், பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார். அதுதான் அந்தக் கால ரீமேப். வண்டிக்கு வண்டி, ஆளுக்கு ஆள் மாறும்.

1979-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் ‘மோட்ரானிக்’ என்று ஒன்றைப் பொருத்தியது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே சின்ன கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. நம் ஊருக்கு அந்த யுகம் வர இருபது வருஷம் பிடித்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகி வந்த ஹூண்டாய் சான்ட்ரோவின் விளம்பரங்களில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துக்கள் வந்தபோது, அது என்ன என்று தெரியாமலேயே பெருமைப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருந்தார்கள். என்ஜினுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பதுதான் அதன் சாரம். அதன் சுருக்கப் பெயர் இ.சி.யு.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? வாய்ப்பாடு. சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, அதே மாதிரி கட்டம் கட்டமாக எண்கள். என்ஜின் நிமிஷத்துக்கு இத்தனை தடவை சுற்றுகிறது, உள்ளே இவ்வளவு காற்று வந்திருக்கிறது, கால் இவ்வளவு அழுத்தியிருக்கிறது என்றால், இத்தனை மில்லி செகண்டுக்கு எரிபொருளைப் பீய்ச்சு, இந்தக் கணத்தில் தீப்பொறியைப் போடு, டர்போவை இவ்வளவு ஊத விடு. சென்ஸார்கள் வந்து கேள்வி கேட்கும். டப்பா வாய்ப்பாட்டைப் பார்த்துப் பதில் சொல்லும். ஒரு செகண்டுக்குள் எத்தனையோ தடவை இந்தக் கேள்வி - பதில் நடந்துவிடும். ராமானுஜன் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு எண்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சாரங்கபாணி சந்நிதி தெரு வழியாகப் போகும் ஒவ்வொரு காரும் எண்களால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரீமேப் என்பது இந்த வாய்ப்பாட்டைத் திருத்துவது. டீசல் காரில் டர்போவின் காற்றழுத்தத்தை ஏற்று, பீய்ச்சும் டீசலைக் கூட்டு, ‘இதற்கு மேல் முறுக்கு விசை வேண்டாம்’ என்று கம்பெனி எழுதிவைத்த வரம்பைத் தள்ளிவை. முடிந்தது. டர்போ உள்ள வண்டிகளில் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். இருபது, முப்பது சதவிகிதம் கூடுகிறது என்று விளம்பரம் செய்கிறார்கள், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் மட்டும் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வெளியிலிருந்து திணிக்கக் காற்று இல்லாதபோது எண்ணை மாற்றி என்ன பயன்? அந்த வண்டிக்கும் அதே சூடத்தை ஏற்றி அதே தட்டைக் காட்டினால், காசு வண்டிக்காரருடையது, புகை கடைக்காரருடையது.

* * *

சரி, கம்பெனி பூட்டித்தான் வைத்திருக்கிறதா?

பாதி நிஜம். எந்தக் கம்பெனியும் என்ஜினை அதன் உச்சத்தில் ஓட விட்டு விற்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஏன் வைத்திருக்கிறது என்பதை மட்டும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

ஒரே கார் சித்திரை வெயிலில் திருச்சியிலும் ஓடும், மார்கழிக் குளிரில் ஊட்டியிலும் ஏறும். ஏதோ ஒரு கிராமத்து பங்க்கில் சுமாரான டீசலைக் குடிக்கும். பத்தாயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொன்னால் பதினைந்தாயிரம் ஆகியும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்பார் உரிமையாளர். ஐந்து பேர் உட்கார வேண்டிய இடத்தில் எட்டுப் பேர், மேலே கேரியரில் கல்யாண சீர். இத்தனையையும் தாங்கி ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும், வாரன்டியில் கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாது, புகைச் சட்டத்திலும் தேற வேண்டும். அந்த மிச்சம், பூட்டி வைத்த புதையல் இல்லை. அவசரத்துக்கு என்று அம்மா அரிசிப் பானையில் ஒளித்து வைத்த பணம். எடுக்கலாம். எடுத்தால், அவசரம் வரும்போது இருக்காது.

ஓர் உதாரணம். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசல் என்ஜின் ஒரு காலத்தில் இந்தியாவின் பாதி கார்களில் இருந்ததுபோல் தோன்றும். மாருதி, டாடா, ஃபியட் மூன்றுமே அதை வைத்து கார் விற்றன. ஸ்விஃப்ட்டில் அதன் சக்தி 75 குதிரை. அதே என்ஜின் எர்டிகா, சியாஸில் 90 குதிரை. ‘பாத்தீங்களா, அதே என்ஜின்தான், ஸ்விஃப்ட்ல பூட்டி வச்சிருக்கான்’ என்று இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால், 90 குதிரை என்ஜினில் டர்போவே வேறு. சுற்றும் வேகத்துக்கு ஏற்ப இறகுகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் ரகம் அது. ஸ்விஃப்ட்டில் இருந்தது கோணம் மாறாத எளிய டர்போ. அந்தப் பதினைந்து குதிரைக்காகக் கம்பெனி வெறும் எண்ணை மட்டும் மாற்றவில்லை, இரும்பையும் மாற்றியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அந்த என்ஜின்கள் இன்னும் நம் ரோடுகளில் செகண்ட் ஹாண்டாக, தேர்ட் ஹாண்டாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு இரும்பை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்களோ, யாருக்கும் கணக்கு இல்லை.

* * *

கணக்கு என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. நான் பி.காம். என்ஜினைப் பற்றி ஒரு மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்கும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால், எங்கள் படிப்பில் முதல் வாரமே சொல்லித் தரும் ஒரு விதி உண்டு. பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதக்கூடாது. ஒரு வரவு இருந்தால் அதற்கு ஒரு பற்று எங்கேயாவது இருந்தே தீரும். பற்றுப் பக்கம் காலியாக இருக்கிறது என்றால் ஒன்று எழுத மறந்திருக்கிறார்கள், இல்லை வேறு யார் தலையிலோ எழுதியிருக்கிறார்கள்.

ரீமேப் விளம்பரங்களில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. குதிரை கூடும், பிக்கப் கூடும், மைலேஜும் கூடும். பற்றுப் பக்கத்தை நாமே எழுதிப் பார்ப்போம்.

முதல் பற்று, சூடு. அதிக எரிபொருள், அதிக அழுத்தம், அதிக வெப்பம். அதை டர்போவும் பிஸ்டனும் ரேடியேட்டரும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கிளட்ச். அதிக முறுக்கைச் சக்கரத்துக்குக் கடத்தும்போது பழைய கிளட்ச் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும். அடுத்தது கியர் பாக்ஸ். இவை எதுவும் மறுநாளே உடைவதில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து உடையும். அப்போது ரீமேப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ‘வண்டி ராசி சரியில்ல’ என்று வேறு கோயிலுக்கு டூர் போவார்கள்.

மூன்றாவது பற்று, பிரேக். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 100-ல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. பள்ளிக்கூட பௌதிகம்தான் இது. வேகத்தின் வர்க்கம். லேப்டாப்பில் என்ஜினின் எண்ணை மாற்றலாம். பிரேக் பேடின் எண்ணை எந்த ஒயர் வழியாக மாற்றுவது? டயரின் பிடிமானத்தை எந்த ஃபைலில் ஏற்றுவது?

நான்காவது, பேப்பர்கள். வாரன்டி உள்ள வண்டியின் கம்ப்யூட்டரில் கை வைத்தால் என்ஜின் சம்பந்தமான க்ளெய்ம்களைக் கம்பெனி மறுக்க முடியும். சில கார்களின் இ.சி.யு., தன்னை எத்தனை தடவை திருத்தி எழுதினார்கள் என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும். ‘பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுட்டா கண்டுபிடிக்க முடியாது’ என்பதை நம்பிவிடாதீர்கள். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பின் சர்வேயர் வரும்போது அது உங்களுக்கு எதிரான ஆயுதம்.

ஐந்தாவது பற்றுதான் எனக்கு உறுத்துகிறது. அது வேறு யார் தலையிலோ எழுதப்படுவது. புகை. டீசல் கார்களில் நச்சு வாயுவைக் குறைக்க இ.ஜி.ஆர். என்று ஒரு வால்வும், புதிய வண்டிகளில் கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டியும் இருக்கின்றன. அடைத்துக்கொண்டால் செலவு வைக்கும். எனவே ரீமேப் செய்யும்போதே இவற்றையும் சாஃப்ட்வேரில் ‘ஆஃப்’ செய்து தருகிறவர்கள் உண்டு. வண்டிக்காரருக்கு லாபம், கடைக்காரருக்கு லாபம். பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தையின் நுரையீரல்தான் பற்றுப் பக்கம்.

‘புகை டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டதே சார்’ என்பீர்கள். ஆகும். நம் ஊர் டீசல் புகைப் பரிசோதனை, வண்டியை நிற்க வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, புகை எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை அது அளப்பதே இல்லை. திருடனைப் பிடிக்கும் போலீஸ், திருடன் கறுப்புச் சட்டை போட்டிருந்தால்தான் பிடிப்பேன் என்று சொல்வது மாதிரி.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு, நான் ஏதோ கார் கம்பெனிகளின் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணைத் திருத்தி ஏமாற்றுவதில் உலக சாம்பியன் பட்டம் ஒரு கம்பெனிக்குத்தான் போயிருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஃபோக்ஸ்வேகனைப் பிடித்தபோது வெளியே வந்த கதை தெரிந்திருக்கும். பரிசோதனைக் கூடத்தில் ஓடுகிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்று அந்த டீசல் கார்களின் கம்ப்யூட்டரே மோப்பம் பிடித்தது. கூடத்தில் சாது, ரோட்டுக்கு வந்ததும் வேறு முகம். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்தக் குழுமம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஆகவே, விமர்சனம் கம்பெனியா, கடையா என்பதில் இல்லை. அந்த டப்பாவுக்குள் இருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அதனாலேயே அவற்றைத் தொடுகிறவர், யாராக இருந்தாலும், முழுக் கணக்கையும் காட்டியாக வேண்டும்.

கார் ரேஸைவிட வேக வெறி பிடித்த இடம் உண்டா? அங்கேயே இதற்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள். 2008-லிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எல்லா டீமும் ஒரே மாதிரி இ.சி.யு.வைத்தான் பயன்படுத்த வேண்டும். மெக்லாரன் குழுமத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி செய்து கொடுத்தது அது. ஏன்? ஆளாளுக்கு அவரவர் டப்பாவுக்குள் தடைசெய்யப்பட்ட தந்திரங்களை ஒளித்து வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால். கோடிக்கணக்கில் பணம் புரளும் ரேஸிலேயே ‘உன் டப்பாவை நம்ப மாட்டேன்’ என்கிறார்கள். நாம் மட்டும் அரை மணி நேரத்தில், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், எந்த ஃபைல், எந்த வண்டிக்காக எழுதியது என்றுகூடக் கேட்காமல் ஏற்றிக்கொள்கிறோம்.

* * *

அப்படியானால் வண்டியை மாற்றவே கூடாதா? கூடும். எப்படி என்பதற்குக் கும்பகோணத்துக்காரர்கள் வெளியூர் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் சுவாமிமலைக்குப் போனால் போதும்.

அங்கே ஸ்தபதிகள் சிலை வார்க்கும் முன்னால் தென்னை ஓலை ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி எடுத்துக்கொள்வார்கள். அதை மடித்து மடித்துத் தாளக் கணக்கின்படி பாகம் பிரிப்பார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு. மெழுகில் உருவம் செய்வது, காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, உலோகத்தை ஊற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். சிலையைப் பெரிதாக்க வேண்டுமா? தாராளமாக. ஆனால், ஓலை நீண்டால் எல்லாப் பாகமும் சேர்ந்து நீள வேண்டும். கையை மட்டும் நீட்டினால் அது நடராஜர் இல்லை.

காரில் இதே நியாயத்தைச் செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள், கோயம்புத்தூரில். மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவரதனின் ஊர் அது. நரேன் கார்த்திகேயனின் ஊர். அங்கே இருக்கும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் 2017-ல் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். சாதாரண பெட்ரோல் டியாகோ 85 குதிரை. ஜே.டி.பி. 114 குதிரை. ஷோரூமிலேயே, வாரன்டியோடு. டியாகோ ஜே.டி.பி.யின் அறிமுக விலை 6.39 லட்சம் ரூபாய்.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் அழகு. பழைய என்ஜினின் எண்ணைத் திருத்தி 29 குதிரையைப் பிழியவில்லை. நெக்ஸானின் டர்போ என்ஜினையே கொண்டுவந்து வைத்தார்கள். காற்று வரும் வழி, புகை போகும் வழி, கம்ப்யூட்டர் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தினார்கள். கியர் விகிதங்களை மாற்றினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி, வண்டியை 4 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். 15 இஞ்ச் சக்கரம், அகலமான டயர். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு. நெக்ஸானில் அந்த என்ஜின் 110 குதிரை, 170 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஜே.டி.பி.யில் 114 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். குதிரையை நாலு கூட்டி, முறுக்கை இருபது குறைத்துவிட்டார்கள்! சின்ன வண்டியின் கியர் பாக்ஸும் முன் சக்கரங்களும் தாங்க வேண்டுமே என்ற ஓலைக் கணக்கு இது என்றுதான் எனக்குப் படுகிறது. ரேஸ் கார் கட்டிப் பழகிய கைகள், எங்கே கூட்ட வேண்டும் என்பதோடு எங்கே குறைக்க வேண்டும் என்றும் தெரிந்து வைத்திருந்தன.

அந்த வண்டிகள் என்ன ஆயின? 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் நின்றுபோயின. கூட்டு நிறுவனமும் அதே வருஷம் முடிவுக்கு வந்தது. முழுக் கணக்கு எழுதி, பில்லோடு கொடுத்தவர்களின் கடை இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. ஒரு பக்கக் கணக்குக் கடைகளில் கூட்டம் குறையவில்லை. இதில் நம் பங்கும் இருக்கிறது. முழு வேலைக்கு முழுக் காசு கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. பாதி வேலைக்குப் பாதிக் காசு என்றால் கை தானாக நீளுகிறது.

* * *

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு முரணாக மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் நடந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ‘சி.சி. மாறலையே, ஆர்.சி. புக்ல எதுவும் மாறலையே’ என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. கோர்ட்டில் செய்து பார்க்கட்டும். நடைமுறையில் சத்தம் போடும் சைலன்ஸரைத்தான் போலீஸ் பிடிக்கிறது. சத்தம் போடாத எண்ணை எந்த இன்ஸ்பெக்டர் பிடிப்பார்?

பிடிக்க முடியாது என்பதனால்தான் இது போலீஸ் விஷயமாக மட்டும் இல்லாமல் நம் விஷயமாகிறது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சோழபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரையிலான 50 கிலோமீட்டரை 2025 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். டெல்டாவுக்கு அது பெரிய வரம். ஆனால், அந்த ரோட்டில் 120-ல் வந்து பழகிய கால், திருநாகேஸ்வரத்துக்கோ ஆலங்குடிக்கோ திரும்பும் கிளைச் சாலையிலும் அதே மாதிரி மிதிக்கும். அங்கே ஆடு இருக்கும். அறுவடை மெஷின் இருக்கும். காய வைத்த நெல்லைத் துழாவிக்கொண்டு ஒரு அம்மா குனிந்திருப்பார். கூடுதல் குதிரைகளுக்கான கொள்ளை அவர் போடக்கூடாது.

நிஜமாகவே வேக ஆசை இருக்கிறவர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் 2003-லிருந்து ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை முழுசாக மாற்றி, ஹெல்மெட் போட்டு, எதிரே டவுன் பஸ் வராத ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம். குதிரைக்கு அதுதான் மைதானம்.

இல்லை, என் வண்டிக்குக் கொஞ்சம் பிக்கப் வேண்டும், அவ்வளவுதான் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் காற்று ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜெக்டரைச் சோதித்து, டயர்களுக்குச் சரியான காற்று பிடித்து, டிக்கியில் இருக்கும் மூன்று மாதத்துச் சாமான்களை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ‘இழுக்கலை’ என்று வரும் வண்டிகளில் எத்தனையோ இதிலேயே திருந்திவிடும்.

அதற்கும் மேல் ஆசை இருந்தால், கடைக்காரரிடம் சில கேள்விகள் கேளுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், ஒரே டைனோ மெஷினில் வண்டியை ஏற்றி அளந்து காட்டுவீர்களா? இந்த ஃபைல் என் வண்டிக்காக எழுதியதா, இல்லை எங்கிருந்தோ வாங்கியதா? கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் என்ன செய்யப் போகிறீர்கள்? புகை வடிகட்டியைத் தொடுவீர்களா, மாட்டீர்களா? நல்ல டியூனர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். உட்கார வைத்து, இந்த வண்டிக்கு இது வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களும் விற்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: “இதோட கம்ப்யூட்டர்ல யாராவது கை வச்சிருக்காங்களா?” பழைய கார் சந்தையில் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுகிற நாம், இதைக் கேட்பதே இல்லை. முதல் ஓனர் அனுபவித்த குதிரைகளுக்கு இரண்டாவது ஓனர் ஏன் தீனி போட வேண்டும்?

கடைசிக் கேள்வி ஒன்றை மட்டும் நான் பி.காம். புத்தியில் சேர்க்கிறேன். வேலை முடிந்து பணம் கொடுக்கும்போது, “என்ன மாத்தினீங்க, எவ்வளவு மாத்தினீங்கன்னு பில்லுல எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தருகிறவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். “அதெல்லாம் எதுக்கு சார்” என்று சிரித்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.